விற்பவரின் சாதியும் கைப்பேசித் திரையும்: தலித் சிறுதொழில்களுக்குச் சமூக ஊடகம் எவ்வளவு பயன்படும்?

1917ஆம் ஆண்டின் இறுதியில் பரோடா அரசுப் பணியைத் துறந்து பம்பாய் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், வாழ்வாதாரத்துக்காக முதலீடு குறித்து ஆலோசனை வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளியல் பயின்றவர் அவர். அன்றைய பம்பாயில் அத்தொழிலுக்கு அவரைவிடத் தகுதியானவர்கள் அரிதாகவே இருந்திருப்பர். ஆயினும் ஆலோசகர் ‘தீண்டத்தகாதவர்’ என்று தெரியவந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிக்கொண்டனர், நிறுவனம் நிலைக்கவில்லை. பின்னர் 1920 ஜனவரி 31 அன்று அவர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். கட்டணம் தருவதாகச் சொல்லியும் அவ்விதழுக்கான விளம்பரத்தை வெளியிட ‘கேசரி’ மறுத்தது.

இவ்விரு நிகழ்வுகளும் இந்தியச் சந்தையைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. முதலாவது, இங்கே பொருளின் தரத்தோடு விற்பவரின் சாதியும் சேர்த்தே எடைபோடப்படுகிறது. இரண்டாவது, விளம்பரம் செய்வதற்கான ஊடகம் எவர் கையில் இருக்கிறதோ அவரே எவர் குரல் வெளியே கேட்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறார்.

இரண்டாவது தடை இன்று தகர்ந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் தம் பொருளைக் காட்சிக்கு வைக்கலாம். ‘கேசரி’யின் அனுமதி தேவையில்லை. தொழில்முனைவோர் பயிற்சி முகாம்களில் நம் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தவறாமல் சொல்லப்படும் அறிவுரையும் இதுவே: பக்கம் தொடங்குங்கள், நாள்தோறும் ரீல்ஸ் போடுங்கள், சந்தை உங்களைத் தேடி வரும். கடனுக்கும் உரிமத்துக்கும் சட்ட உதவி கேட்டு வருவோர் எங்களிடம் இதையே கேள்வியாக மாற்றிக் கேட்கிறார்கள்: நாள்தோறும் இரண்டு மணி நேரத்தை இதில் செலவழிப்பது தகுமா?

தகும், ஓர் எல்லைக்குள் மட்டும் என்பதே இக்கட்டுரை தரும் விடை. அந்த எல்லையைச் சரியாக அறிந்துகொள்ளாவிடில், சாதியச் சந்தையின் குற்றத்தை விற்பவரின் திறமைக் குறைவாகக் கருதிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஊர்ச் சந்தையின் கதவு

சமூக ஊடகத்தின் பயனை மதிப்பிடுவதற்கு முன், அது இல்லாத சந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்த லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்ணே ஆகியோர், நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு உரியவை 9.8 விழுக்காடே என்று காட்டினர். மக்கள்தொகையில் அவர்களது பங்கோ 16 விழுக்காட்டுக்கும் மேல். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஐந்தில் ஒரு கடை நம்முடையதாக இருக்கிறதா என்பதை வாசகர்கள் தங்கள் ஊரை நினைத்துப் பார்த்தே முடிவு செய்யலாம்.

மூலதனம் இல்லாதது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. கன்ஷியாம் ஷா உள்ளிட்ட அறிஞர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்ந்து 2006இல் வெளியிட்ட ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ என்னும் நூல் இதைத் தெளிவாகப் பதிவு செய்தது. ஏறக்குறைய 35 விழுக்காடு கிராமங்களில் தலித்துகள் தங்கள் விளைபொருளை உள்ளூர்ச் சந்தையில் விற்கத் தடை இருந்தது. பால் கூட்டுறவுச் சங்கங்களில் பால் ஊற்றுவதற்கான தடை ஏறக்குறைய 47 விழுக்காடு கிராமங்களில் காணப்பட்டது. மாடு வாங்கக் கடன் கிடைத்தாலும் கறந்த பாலை ஊர் வாங்காது என்றால் அந்தக் கடன் கழுத்தில் கட்டிய கல்லாகத்தான் முடியும்.

சேரியில் திறக்கப்படும் கடை சேரிக்குள்ளேயே விற்கிறது. வாங்குவோரின் கூலி உயராதவரை அந்தக் கடையின் வருமானமும் உயர்வதில்லை. ஊருக்குள் கடை வைக்க இடம் கேட்டால் வாடகைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே தலித் சிறுதொழிலின் முதன்மையான சிக்கல் தன்னைச் சாதியால் அளக்காத வாடிக்கையாளரைச் சென்றடைவதே. சமூக ஊடகத்தை இந்த ஓர் அளவுகோலை வைத்து மதிப்பிடுவதே நேர்மையான முறை.

திரை உண்மையாகவே திறக்கும் வாசல்கள்

சில தொழில்களில் இந்த ஊடகம் பெரும் பயன் தருகிறது. பறையிசைக் குழுக்களை எடுத்துக்கொள்வோம். ஊர்க்கட்டுப்பாட்டின் கீழ் சாவுக்குப் பறை அடிப்பது கட்டாய ஊழியம். கூலியை நிர்ணயிப்பதும் ஊர்தான். அதே கலைஞர்கள் தம் நிகழ்ச்சியைக் காணொளியாக வெளியிட்டு, கல்லூரி விழாவுக்கோ திருமணத்துக்கோ அழைப்புப் பெறும்போது, தொகையைத் தாமே சொல்லி ஒப்பந்தம் பேசுகிறார்கள். அவர்களுக்குக் காணொளியே சரக்கின் மாதிரி. அதைப் பார்க்காமல் எவரும் அழைக்கப்போவதில்லை. ஒப்பனைக் கலைஞர், ஒளிப்படக் கலைஞர், மேடை அலங்காரம் செய்வோர், ஓவியர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

புத்தகம், சட்டை, நாட்காட்டி, சிலை போன்றவற்றை அம்பேத்கரியச் சிந்தனை கொண்டோருக்காக உருவாக்குவோருக்கும் திரை பெருந்துணையாகிறது. அவர்களது வாடிக்கையாளர்கள் ஓர் ஊரில் பத்துப் பேராக, மாநிலம் முழுவதும் சிதறிக் கிடக்கிறார்கள். ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் முன்பாக அவர்களை ஒருசேர அடைய வேறு மலிவான வழி இல்லை. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்திய பண்டிதர் அயோத்திதாசர், சிதறிக் கிடந்த வாசகர்களை அஞ்சல் வழியே இணைத்தார். அந்த இணைப்பைத்தான் இன்று கைப்பேசி வேறு வடிவில் செய்கிறது.

சாதியை மறைக்காமல் முன்னிறுத்தித் தொழில் செய்தோரும் உண்டு. சிந்தனையாளர் சந்திர பான் பிரசாத் 2016இல் ‘தலித் ஃபுட்ஸ்’ என்னும் பெயரில் மசாலாப் பொருள்களையும் ஊறுகாயையும் இணையவழியே விற்கத் தொடங்கினார். மும்பையில் சுதீர் ராஜ்பர் உருவாக்கிய ‘சமார் ஸ்டூடியோ’, வசைச்சொல்லாக வீசப்பட்ட ஒரு சாதிப் பெயரையே கைப்பைகளின் வணிகப் பெயராக்கியது. மகாராட்டிரத்தில் 2015இல் மாட்டிறைச்சித் தடை இறுக்கப்பட்ட பின் வேலையிழந்த தோல் தொழிலாளர்களோடு சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரைக் கொண்டு அது பொருள்களைச் செய்தது. இம்முயற்சிகளின் அரசியல் மதிப்பு பெரிது. எனினும் இவற்றின் வாடிக்கையாளர் பெரும்பாலும் பெருநகரத்தில் வாழும், சாதி ஒழிப்பில் அக்கறை கொண்ட, செலவழிக்க வசதியுள்ள மனிதர். ஊடகங்களின் கவனமும் முன்கூட்டியே பெற்ற அறிமுகமும் இவற்றுக்குத் துணை நின்றன. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பொடி இடித்து விற்கும் பெண்ணிடம், இவர்களைப் போலச் செய் என்று சொல்வது அறிவுரை ஆகாது.

நேரத்துக்குக் கூலி உண்டு

அந்தப் பெண்ணின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பொடியும் ஊறுகாயும் செய்து விற்கும் ஒருவர் படம் எடுக்க, வெட்டி ஒட்ட, பதிவேற்ற, பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்ல என நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் செலவிடுவதாகக் கொள்வோம். மாதம் 26 நாள்களுக்கு 52 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் ஆறரை நாள். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். அதன்படி பார்த்தாலே இந்த நேரத்தின் விலை 2,184 ரூபாய். ஒரு பொட்டலத்துக்கு 40 ரூபாய் இலாபம் நிற்கும் என்றால், சமூக ஊடகத்தால் மட்டும் மாதம் 55 பொட்டலங்கள் கூடுதலாக விற்றால்தான் அவரது உழைப்புக்குரிய அடிமட்டக் கூலி கிடைக்கும். இணையக் கட்டணம், பொதியல், கூரியர் செலவு ஆகியவை தனி.

பயிற்சி முகாம்களில் இந்தக் கணக்கு போடப்படுவதில்லை. முதலீடே இல்லாத விளம்பரம் என்று அங்கே சொல்லப்படுகிறது. பெண்களின் வீட்டு உழைப்பைக் கணக்கில் சேர்க்காத பழைய வழக்கம் இங்கே புதிய பெயரில் வருகிறது. கைப்பேசியே அந்த வீட்டில் எவர் கையில் இருக்கிறது என்பதும் கேள்விக்குரியது. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. எண்கள் இன்று கூடியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் கணவனிடமோ மகனிடமோ என்னும் நிலையில் வாழும் பெண்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள்.

எனவே நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்வதும், விலைப்பட்டியல் அனுப்புவதும், பணம் வந்ததைச் சரிபார்ப்பதும் விற்பனையின் பகுதி. அந்த நேரம் பெரும்பாலும் பலன் தரும். முன்பின் அறியாத ஆயிரம் பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக ரீல்ஸ் செய்வது குலுக்கல் சீட்டு வாங்குவதற்கு ஒப்பானது, எப்போதாவது விழும். இரண்டாவதற்காக முதலாவதைக் கைவிடுவோரே பெரும்பாலும் சோர்ந்து விலகுகிறார்கள். தையற்கடை, இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு போன்ற தொழில்களுக்கு ரீல்ஸே தேவையில்லை. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரையும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அருகில் தேடுவோர் கண்ணில் அது படும். அதற்கு ஆகும் நேரம் ஒரு பிற்பகல்.

திரைக்குள் நுழையும் சாதி

இணையத்தில் சாதி தெரியாது என்பது பயிற்சியாளர்கள் தரும் இன்னொரு வாக்குறுதி. ஒரு பக்கத்தைத் தொடங்கும்போது முதலில் பார்ப்போர் நம் தொடர்பில் உள்ளோர். நம் உறவு, நம் தெரு, நம்மோடு படித்தோர். அவர்கள் விரும்பிப் பகிர்ந்தால்தான் அடுத்த வட்டத்துக்குப் பதிவு போகும். ஒரு சமூகத்தின் நட்பும் உறவும் சாதி எல்லைக்குள் அடங்கியிருக்கும்போது, அந்த வலைப்பின்னல் மீது ஓடும் விளம்பரம் மட்டும் எப்படிச் சாதி கடக்கும்? செலவழிக்கும் சக்தி கொண்ட உறவினர் ஆயிரம் பேரோடு தொடங்குபவரும், கூலித் தொழிலாளரான உறவினர் நூறு பேரோடு தொடங்குபவரும் ஒரே கோட்டில் நிற்பதாகச் சொல்வது பொய்.

உணவுத் தொழிலில் இது இன்னும் கூர்மையாகிறது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டனர். அரசு ஊதியம் பெறும் சமையலருக்கே இந்த நிலை என்றால், தன் பெயரும் முகமும் தெருவும் தெரியும்படி உணவு விற்கும் பெண் என்ன எதிர்கொள்வார் என்பதை ஊகிக்கலாம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றானது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அதைப் பாகுபாடு எனச் சுட்டிக்காட்டியது, விழா ஒத்திவைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் ‘தூய சைவ’ உணவுக்கெனப் பச்சைச் சீருடையில் தனி ஊழியரை அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழவே மறுநாளே சீருடை வேறுபாட்டைக் கைவிட்டது. தூய்மை, தீட்டு என்னும் பழைய பிரிவினை செயலிக்குள்ளும் வாடிக்கையாளர் விருப்பம் என்ற பெயரில் நுழைந்துவிடுகிறது.

இவற்றுக்கு மேல், நாம் உழைத்துச் சேர்க்கும் பார்வையாளர்கள் நமக்குச் சொந்தமும் அல்லர். 2018 ஜனவரியில் முகநூல் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரும்படி தன் முறையை மாற்றியபோது, வணிகப் பக்கங்களின் இலவச வீச்சு சுருங்கியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை ஒன்றிய அரசு தடை செய்தது. சிற்றூர்களின் ஏழை எளிய மக்கள் பெருமளவில் புழங்கிய தளம் டிக்டாக். அங்கே ஆண்டுக்கணக்கில் பார்வையாளரைத் திரட்டியவர்கள் ஓரிரவில் அவர்களை இழந்தார்கள்; எந்த இழப்பீடும் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் ஒரு குறிப்பேட்டில் இல்லையென்றால் அவர்களும் செயலியோடு போய்விடுவார்கள்.

ஊர்க்கட்டுப்பாடு சாட்சியமாகும்போது

திரை நமக்குத் தரும் ஒரு வலிமையைப் பற்றிப் பயிற்சி முகாம்கள் பேசுவதில்லை. வழக்கறிஞர் என்ற முறையில் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்.சி) பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீது சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பைச் சுமத்துவதையும் அவ்வாறு மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. வணிகம் செய்ய மறுப்பது, ஒப்பந்த வாய்ப்பை மறுப்பது, வழக்கமான வணிக நிபந்தனைகளில் நடந்துகொள்ள மறுப்பது ஆகிய அனைத்தும் பொருளாதாரப் புறக்கணிப்பு என்பதன் வரையறைக்குள் வருகின்றன. மற்றவர்களுக்கு உரிமையுள்ள எந்தத் தொழிலையும் வணிகத்தையும் செய்யவிடாமல் தடுப்பது பிரிவு 3(1)(இசட்.ஏ)வின் கீழ் தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரி நேரில் அறிந்தவர் என்றால், அவரது சாதியும் எதிரிக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 8.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்குகள் தோற்றதற்கு முதன்மைக் காரணம் சாட்சியம் இன்மை. ஊர்க்கட்டுப்பாடு சாவடியில் வாய்மொழியாகப் போடப்படும். எவரும் சாட்சி சொல்ல வரமாட்டார். இன்று அதே கட்டுப்பாடு வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாக உலவுகிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம், ஊர்க்கட்டுப்பாடு இருப்பதால் தர முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொளி பரவியது. கைது நடவடிக்கை எடுக்கப்பட்டு, கடை பூட்டி முத்திரையிடப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 10இன்படி, எதிரிகள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையச் சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. சாதி ஆணவத்தைப் பறைசாற்ற எடுக்கப்பட்ட காணொளியே குற்றத்தின் சான்றாகியது.

இணையத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் சட்டத்தின் எல்லைக்குள் வரும். யூடியூப் காணொளி தொடர்பான வழக்கொன்றில், இணையவழி இழிவுபடுத்தலுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் கூறியது. எனினும் வேறொரு யூடியூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஓர் எல்லையை வகுத்தது: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவமதிக்கப்பட்டார் என்பது மட்டும் போதாது, அவர் அச்சாதியைச் சேர்ந்தவர் என்பதாலேயே அவமதிக்கப்பட்டார் என்பது வெளிப்பட வேண்டும். ஆகவே சாதியைக் குறிக்கும் சொல், குறிப்பு, சூழல் ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது இன்றியமையாதது. பின்னூட்டம் அழிக்கப்படுவதற்கு முன் தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுக்க வேண்டும். குரல்பதிவு வந்த கைப்பேசியை மாற்றவோ விற்கவோ கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் பிரிவு 63 கோரும் சான்றிதழோடு அதை நீதிமன்றத்தில் முன்வைக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கும் புகார் அனுப்பலாம். 24 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, 7 நாள்களுக்குள் அவர் தீர்வு காண வேண்டும்.

இவ்வளவு இருந்தும் சட்டத்தின் கை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஊர் கூடித் தடுத்தால் வழக்குத் தொடரலாம். தனி ஒருவர் நம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பெயரையோ நெற்றியையோ சுவரில் மாட்டியிருக்கும் படத்தையோ கண்டு ஓசையின்றி விலகிச் சென்றால் எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போடுவது? அரசியலமைப்புச் சட்டத்தின் கூறு 15(2) கடைக்குள் நுழையும் நம் உரிமையைக் காக்கிறது. ஆனால் நம் கடைக்குள் நுழையும்படி எவரையும் அது கட்டாயப்படுத்த இயலாது. அண்ணலின் ஆலோசனை நிறுவனத்தை மூடச் செய்த அதே மௌனம்தான் இது.

சட்டம் கட்டுப்படுத்தக்கூடிய வாடிக்கையாளர்

தனிமனித வாடிக்கையாளரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. அரசு என்னும் வாடிக்கையாளரை முடியும். அதுவே நாட்டில் மிகப் பெரிய அளவில் பொருள் வாங்கும் அமைப்பும் ஆகும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2012இல் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை பிறப்பிக்கப்பட்டது. இன்றைய நிலையில், ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. ஒப்பந்தப் புள்ளிக்கான முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் உண்டு. திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை எனத் தமிழ்நாட்டிலேயே இக்கொள்கைக்குக் கட்டுப்பட்ட பெரும் நிறுவனங்கள் உள்ளன. சீருடை தைப்போர், அச்சகம் நடத்துவோர், உதிரிபாகம் செய்வோர், துப்புரவு மற்றும் உணவக ஒப்பந்தம் எடுப்போர் ஆகியோருக்கு இது திறந்திருக்க வேண்டிய சந்தை. ஆனால் இந்த 4 விழுக்காடு ஆண்டுதோறும் எட்டப்படாமலேயே இருந்து வந்திருக்கிறது. தகுதியான நிறுவனங்கள் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. இடஒதுக்கீட்டுப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்குச் சொல்லப்படும் அதே காரணம்தான் இது.

கடனிலும் இதே நிலை. 2016 ஏப்ரல் 5 அன்று தொடங்கப்பட்ட ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கேனும், பெண் ஒருவருக்கேனும் 10 இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ‘அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்’ 35 விழுக்காடு மூலதன மானியத்தையும் 6 விழுக்காடு வட்டி மானியத்தையும் வழங்குகிறது. மூலதன மானியத்தின் உச்ச வரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தின் வழியே செல்கிறது. திட்டங்கள் காகிதத்தில் வலுவானவை. வங்கி மேலாளரின் மேசையில் பிணையும் அறிமுகமும் கேட்கப்படும்போதுதான் சாதி மீண்டும் தலைகாட்டுகிறது. வங்கியில் கடன் மறுக்கப்படுபவரிடம் ரீல்ஸ் போடச் சொல்வது, அரசும் வங்கியும் செய்யத் தவறியதை அவரது கைப்பேசியின் தலையில் கட்டுவதாகும்.

எங்கே எவ்வளவு நேரம்

ஆகவே சிறுதொழில் நடத்தும் நம் மக்களுக்குச் சொல்லத்தக்கது இதுதான். காட்சியே சரக்காக இருக்கும் தொழில் என்றால் சமூக ஊடகத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்றத் தொழில்களில் வாட்ஸ்அப் விலைப்பட்டியலும் வரைபடப் பதிவும் போதும். பதில் சொல்வதற்கு நாள்தோறும் அரை மணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது. வாடிக்கையாளர் பெயர்களைத் தனியே குறித்து வையுங்கள். மூன்று மாதம் செலவிட்ட நேரத்தையும் அதனால் வந்த விற்பனையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். கூலி தேறவில்லை என்றால் தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள். விற்பனை குறைவதற்கு உங்கள் காணொளியின் தரம் மட்டுமே காரணம் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கல்லூரி மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இதில் வேறொரு பணி இருக்கிறது. ரீல்ஸ் செய்யக் கற்றுத்தர இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு தையற்கடைக்காரருக்கு ‘உத்யம்’ பதிவையும் ‘ஜெம்’ எனப்படும் அரசு மின்சந்தைப் பதிவையும் முடித்துக் கொடுக்க, சாதிச் சான்றிதழை அதனோடு இணைக்க, திட்ட அறிக்கை எழுதித்தர ஆள் இல்லை. விடுமுறை நாளில் ஒரு தெருவுக்கு ஐந்து மாணவர்கள் சென்றால் இது முடியும்.

இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம். உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் மொத்தக் கொள்முதல் எவ்வளவு? அதில் பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்களிடம் வாங்கியது எத்தனை விழுக்காடு? 4 விழுக்காட்டை எட்டாத ஆண்டுகளில் அதற்காக எடுத்த நடவடிக்கை என்ன? 30 நாள்களுக்குள் விடை தர வேண்டியது சட்டக் கடமை. வரும் விடையைச் சமூக ஊடகத்தில் வெளியிடுங்கள். அதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது.